பேராயரின் தங்கைக்கு வாசித்த ஓலை

பேராயர் ஹிலாரி சவரிராயனின் வாழ்க்கை வரலாற்றை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்ததற்கு ஒரே காரணம், ஜீவனஹள்ளியில் எங்கள் சந்தில் பட்டம் வாங்கிய ஆள் நான் ஒருத்திதான் என்பது. நான் கத்தோலிக்கப் பெண்கூட இல்லை. என் அப்பா பச்சைமுத்து சுவருக்கு பெயின்ட் அடிப்பவர். பௌத்தத்துக்கு மாறிய கையோடு நான் பிறந்ததால் எனக்குச் சங்கமித்ரா என்று பெயர் வைத்தார். எங்கள் சந்தைப் பொறுத்தவரை பட்டதாரி என்றால் எதையும் எழுதத் தெரிந்தவள். குழாயில் தண்ணீர் வராத புகார், ரேஷன் கார்டு மனு, சங்கத் தலைவரின் நன்றியுரை எல்லாம் என்னிடம்தான் வரும். அந்த வரிசையில் ஒரு பேராயரும் வந்து சேர்ந்தார்.

அது இரண்டாயிரத்து ஒன்று. காக்ஸ் டவுனில் ஒரு டி.டி.பி. கடையில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலை நடத்தும் பங்குப் பேரவையின் செயலாளர் சின்னப்பராஜ் கடைக்கு வந்தார். தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகு உழைக்க ஆரம்பித்தவர் என்று அவர் மனைவியே சொல்வார்.

"ஏம்மா, பச்சைமுத்து பொண்ணு நீதான? பி.ஏ.தான?"

"ஆமா சார்."

"நம்ம ஆண்டவரு வர்றாரு. விழா மலர் போடறோம். வாழ்க்கை வரலாறு நீ எழுதிடு. விஷயத்த நான் சொல்றேன், நீ கொஞ்சம் நகாசு மட்டும் பண்ணு."

'நம்ம ஆண்டவர்' என்று அவர் சொன்ன ஹிலாரிக்கும் எங்கள் ஊர்க் கோயில் நிர்வாகத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வடக்கே, ரயிலில் இரண்டு இரவு தூங்கி எழுந்தால் வரும் ஒரு நகரத்துக்கு அவர் பேராயர். ஆனால் பிறந்தது காக்ஸ் டவுனில். போன வருடம் பேராயராக உயர்ந்த பிறகு முதல் முறையாகச் சொந்த ஊருக்கு வருகிறார். ஊர் உரிமை கொண்டாட அது போதும்.

சின்னப்பராஜ் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். சின்ன வயதிலேயே பிஸ்கட்டை வைத்துப் பூசை விளையாட்டு விளையாடினார். மலரில் வருகிற எல்லாச் சாமியார்களும் விளையாடியிருக்கிறார்கள். பிறகு குருமடம், ரோமாபுரி, திருச்சபைச் சட்டத்தில் டாக்டர் பட்டம், ஆயர், பேராயர். கடைசியில் சின்னப்பராஜ், "தங்கச்சி நோராவப் பத்தி ரெண்டு வரி போடு. கல்யாணம் கட்டிக்கல, அண்ணனுக்காகவே இருக்காங்கன்னு" என்றார்.

நான் எழுதினேன்: 'அண்ணனின் இறைப்பணிக்குத் தன் வாழ்வையே காணிக்கையாக்கி, துறவாடை அணியாத துறவியாக வாழ்ந்துவரும் அருமைத் தங்கை.'

சின்னப்பராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. மூன்று வருடம் கல்லூரியில் படித்ததற்கு இப்படி ஒரு வாக்கியமாவது வரவேண்டாமா?

பிறந்த வருடம், பெயர் எல்லாம் சரிதானா என்று பார்த்துவிட, மறுநாள் மதியம் பிரதியை எடுத்துக்கொண்டு நோராக்காவைப் பார்க்கப் போனேன். சிவாஜிநகர் பஸ் நிலையத்தில் மாணவர்களுக்கு பஸ் பாஸ் கொடுக்கும் கவுன்டரில் அவருக்கு வேலை. அந்தக் கவுன்டருக்கு முன்னால் எப்போதும் இரண்டு வரிசை நிற்கும். ஒன்று பாஸுக்கு. இன்னொன்று கான்வென்ட் பள்ளியில் சீட்டுக்கு. 'அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா' என்பார்கள்.

அந்த இரண்டாவது வரிசையில் ஒரு காலத்தில் என் அப்பாவும் நின்றிருக்கிறார். ஹிலாரி ஆயரான வருடமே எனக்கு சிஸ்டர்கள் நடத்தும் கல்லூரியில் பி.யூ.சி. இடம் வாங்க நோராக்காவே எங்களோடு வந்தார். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "வணக்கம் சிஸ்டர்" என்றார், அவ்வளவுதான். சிஸ்டர் எழுந்து நின்றார். எனக்கு இடம் கிடைத்தது. என் மதிப்பெண்ணுக்கே கிடைத்திருக்குமா என்று அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. அதனால் இந்தக் கதையில் யாரையாவது பார்த்துச் சிரிக்கும்போது நானும் அந்த வரிசையில் நிற்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

நோராக்கா வெள்ளையில் நீலக்கரை போட்ட சேலை கட்டியிருந்தார். பிரதியைப் படித்துக்கொண்டே வந்தவர், கடைசி வரியில் நின்றார்.

"துறவாடை அணியாத துறவியா? யாரு, நானா?"

"சின்னப்பராஜ் சார்தான் சொன்னாரு அக்கா."

"அவரு கல்யாணம் ஆகலன்னுதான் சொல்லியிருப்பாரு. மீதியெல்லாம் உன் கைவேலை." கோபமாக இல்லை, வேடிக்கை பார்ப்பது போலச் சொன்னார். பிறகு கவுன்டருக்குப் பின்னால் திரும்பி, "கோவிந்தப்பா, இங்க வாங்க. நான் துறவியாம், கேட்டீங்களா?" என்றார்.

காக்கிச் சட்டை போட்ட ஒருவர் டீ கிளாஸோடு எட்டிப் பார்த்தார். டிக்கெட் பரிசோதகர் என்று பார்த்தாலே தெரிந்தது. என்னிடம் டிக்கெட் இருக்கிறதா என்பது போலத்தான் என்னையும் பார்த்தார்.

"அப்படியா? யாவாக, எப்பலேருந்து?" என்றார் அவர். "நேத்து மசால் தோசை சாப்பிடறப்ப சொல்லவேயில்ல?"

அந்த மதிய இடைவேளையில்தான், ஊருக்கே தெரிந்த நோராவுக்குள் ஊருக்குத் தெரியாத நோரா ஒருவர் இருப்பதை நான் அறிந்தேன்.

தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்தபோது பஸ்கள் நின்றுபோயின. நோராவுக்கு அப்போது இருபத்தேழு வயது. வீட்டுக்குப் போக வழியில்லாமல் கவுன்டரில் உட்கார்ந்திருந்தார். அப்போது கண்டக்டராக இருந்த கோவிந்தப்பா, "நான் கொண்டுபோய் விடறேன். நீங்க வாயத் தொறக்காதீங்க. தமிழ்னு தெரிஞ்சா வம்பு. நானே கன்னடத்துல மாத்தாடிக்கறேன்" என்று கூடவே நடந்தார். ஒரு முனையில் சில இளைஞர்கள் மறித்தார்கள். கோவிந்தப்பா முளபாகல்காரர், வீட்டில் தெலுங்கு. அவருடைய கன்னடத்தைக் கேட்டதும் அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "யாவூரு நிம்து?" என்று ஊரைக் கேட்டுச் சட்டையைப் பிடித்தார்கள்.

பள்ளியில் கன்னடக் கட்டுரைக்குப் பரிசு வாங்கிய நோரா அப்போது வாயைத் திறந்தார். உங்கள் ஊர் பஸ்ஸில் உங்களுக்கே டிக்கெட் கிழிக்கிற மனிதரை இப்படியா பிடிப்பது என்று சுத்தமான கன்னடத்தில் அவர் திட்டியதும், அவர்கள் "தப்பாயிது அம்மா" என்று வழிவிட்டார்கள். ஒருவன் அவர்களைப் பத்திரமாக அடுத்த முனைவரை கொண்டுவந்து வேறு விட்டான்.

"நான் காப்பாத்தப் போனேன், அவங்க என்னைக் காப்பாத்திட்டாங்க" என்றார் கோவிந்தப்பா. "அன்னிலேருந்து நான் வாயத் தொறக்கறதில்ல."

அடுத்த வருடமே, கோவிந்தப்பாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுவதாக நோரா அம்மாவிடம் சொன்னார். அம்மா எலிசம்மா மறுக்கவில்லை. மறுத்திருந்தால் ஒரு சண்டையோடு முடிந்திருக்கும். "சாமி ரோமாபுரில சட்டம் படிக்கறாரு. அவரு வரட்டும்" என்றார். சாமி என்றது மகனை. குருப்பட்டம் ஆன நாளிலிருந்து எலிசம்மா மகனைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

சாமி படித்து முடித்து வந்தார். வந்த கையோடு அவரை ஆயராக்கப் போகிறார்கள் என்ற பேச்சும் வந்தது. சின்னப்பராஜ் வீட்டுக்கே வந்து எச்சரித்தார். "ஆயர் ஆக்கறதுக்கு முன்னாடி குடும்பத்தப் பத்தி ரகசியமா விசாரிப்பாங்க. யார்கிட்ட விசாரிக்கறாங்கன்னு யாருக்கும் தெரியாது. அதனால எல்லார்கிட்டயும் ஒழுங்கா நடந்துக்கணும்."

அதன் பிறகு அந்தக் குடும்பம் பால்காரருக்கும் கேஸ் சிலிண்டர் போடுகிறவருக்கும்கூட 'தோத்திரம்' சொல்லியது. அப்படிப்பட்ட நேரத்தில் இந்து மாப்பிள்ளை என்ற பேச்சை எடுக்க முடியுமா? பேச்சு தள்ளிப்போனது.

தொண்ணூற்றைந்தில் ஹிலாரி ஆயரானார். அபிஷேக விழாவுக்கு வடக்கே ஒரு ரயில் பெட்டி நிறைய ஆட்கள் போனார்கள். ஆயர் குடும்பம் பளபளவென்று நிற்கக் கூடாது என்று சின்னப்பராஜ் தன் கையாலேயே நோராவுக்கு ஒரு வெள்ளைச் சேலை வாங்கிக் கொடுத்தார், நீலக்கரை போட்டது. அந்தச் சேலையில் ஆயருக்குப் பக்கத்தில் நோரா நிற்கும் படம் காக்ஸ் டவுனில் வீட்டுக்கு வீடு ஏறியது. அவ்வளவுதான். நோரா ஏதோ நேர்த்திக்கடன் செய்துகொண்டுவிட்டார் என்று ஊர் முடிவு கட்டியது. கிறிஸ்துமஸுக்கு, ஈஸ்டருக்கு, சீட்டுக் கிடைத்த நன்றிக்கு என்று வந்ததெல்லாம் வெள்ளைச் சேலைதான். வீணாக்க மனமில்லாமல் அவரும் கட்டினார். பஸ்ஸில் அவருக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். ஒருமுறை ஒரு குடிகாரர் அவர் காலில் விழுந்து அழுதுவிட்டுக் குடியை விட்டே விட்டார். இதற்குமேல் அவர் எப்படிக் கலர் சேலை கட்டுவது?

"அண்ணன்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே அக்கா?"

"எப்படீடீ சொல்றது? வருஷத்துக்கு நாலு நாளு வருவாரு. மோதிரத்த முத்தி செய்ய, உதட்டுல ஒத்திக்க, வாசல்ல கூட்டம் நிக்கும். நான் ரசம் வெச்சுட்டு நிப்பேன். அம்மா வேற, 'ஆண்டவர் மனசக் கலைக்காத'ன்னு காதுல ஓதிட்டே இருக்கும்." ஆயரான பிறகு எலிசம்மா 'சாமி'யையும் விட்டு 'ஆண்டவரே'க்கு மாறியிருந்தார். 'ஆண்டவரே, இன்னும் ஒரு மீன் துண்டு வைக்கட்டுமா?' என்பாராம்.

நோராக்கா தொடர்ந்தார். "அப்புறம் ஒரு கேசட் வந்தது. அண்ணன் எங்கயோ சிஸ்டருங்களுக்குப் பிரசங்கம் பண்றாரு. 'என் தங்கையைப் பாருங்கள், எனக்காகத் தன் இளமையையே கொடுத்தாள்'னு. எல்லாரும் அழுவறாங்க. கேட்டுட்டு நானும் அழுதேன். நெஜமாவே தியாகம் பண்றேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. கேக்க நல்லாத்தான இருக்கும்?"

எனக்கு அந்த இடத்தில் என் வாக்கியம் ஞாபகம் வந்தது. அதுவும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

போன வருடம் அண்ணன் பேராயராகிவிட்டார். இனிமேலாவது முடிப்போம் என்று நோரா கேட்டபோது எலிசம்மா, "கர்தினால் ஆயிடட்டும். அடுத்தது அதுதான்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார். இதை நோரா வந்து சொன்னபோது கோவிந்தப்பா தன் இலாகாவின் கணக்கில் யோசித்திருக்கிறார்.

"கர்தினாலுக்கு மேல என்ன போஸ்ட்?"

"போப்பாண்டவர்."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல கடவுள்தான்."

"அப்ப நாம ரெண்டு பேரும் ரிட்டயர் ஆயிட்டுத்தான்" என்றாராம்.

அவருக்கும் வீட்டில் பெண் பார்க்காமல் இல்லை. ஒவ்வொரு முறையும் அவர் "பிரமோஷன் வரட்டும்" என்று சொல்லித் தட்டிக்கழித்தார். யாருடைய பிரமோஷன் என்று அவர் அம்மாவிடம் சொல்லவில்லை.

நோராக்கா பிரதியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "இது அச்சுல வந்துட்டா கதை முடிஞ்சுது சங்கமித்ரா. அப்புறம் நான் எப்பக் கல்யாணம் பண்ணாலும், துறவறத்த விட்டு ஓடினவன்னுதான் பேரு. இப்ப விட்டா இனிமே இல்ல."

அன்று சாயங்காலமே அவரும் கோவிந்தப்பாவும் பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தார்கள். சாமியார் ஊருக்குப் புதியவர், சின்ன வயது. நோராவின் புகழ் அவருக்கு இன்னும் எட்டியிருக்கவில்லை. வேறு மதத்தவரைக் கோயிலில் மணக்க வேண்டுமென்றால் மறைமாவட்ட அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். எழுதிப் போட்டார், அனுமதியும் வந்தது. பத்து வருடமாக எல்லோரும் பயந்த காரியம் கேட்டவுடன் கிடைத்துவிட்டது. நானும் மலரிலிருந்து என் வாக்கியத்தை எடுத்துவிட்டு 'இவருக்கு ஒரு தங்கை' என்று மட்டும் விட்டேன். சின்னப்பராஜ் கவனிக்கவில்லை. மலரில் தன் படம் சின்னதாக இருக்கிறது என்ற கவலையில் இருந்தார்.

மிச்சமிருந்தது ஓலை மட்டும். கத்தோலிக்கர்கள் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சொல்வார்கள். வழக்கமாக யாரும் காதில் வாங்குவதில்லை. செருப்பைத் தேடும் நேரம் அது.

நோராவின் முதல் ஓலை வாசிக்கப்பட்டபோது செருப்பு தேடியவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். அன்றிலிருந்து அந்த வாரம் முழுவதும் சாமியார் வீட்டு வாசலில் கூட்டம். கடமை என்று சொல்லிவிட்டாரே, விடுவார்களா?

முதலில் ஒரு கிழவி போனார். "அவங்க வெள்ளச் சேல கட்டினவங்க சாமி. பாவம் வந்துடும்."

"சேலை தடையில்லம்மா."

அடுத்து ஒரு இளம் தகப்பன். "தடைன்னு சொல்ல முடியாது சாமி. என் பையனுக்கு ஜூன்ல எல்.கே.ஜி. அட்மிஷன். அதுவரைக்கும் ஒத்திப்போட முடியாதா?"

கடைசியில் பேரவையோடு சின்னப்பராஜ் போனார். "அண்ணன் பேராயர். இதவிட என்ன சாமி தடை வேணும்?"

சாமியார் பொறுமையாகத் திருச்சபைச் சட்டப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். வயது குறைவு, ஏற்கெனவே கல்யாணமானவர், ரத்த உறவு, பகிரங்கமாகத் துறவற வாக்கு கொடுத்தவர், பழைய துணையைக் கொலை செய்தவர் என்று ஒவ்வொன்றாக வாசித்தார்.

"அண்ணன் பேராயர்னு இல்லையே."

"இருக்கும் சாமி. நல்லாப் பாருங்க. கடைசிப் பக்கத்துல இருக்கும்."

புத்தகத்தில் இல்லாவிட்டால் என்ன, பேராயரே வருகிறார், அவர் வாயாலேயே தடை சொல்லிவிடுவார் என்று பேரவை கலைந்தது. பேராயர் வரும் ஞாயிறும் இரண்டாம் ஓலை வாசிக்கும் ஞாயிறும் ஒன்றாக அமைந்துவிட்டன. "அன்னிக்கு மட்டும் வாசிக்காதீங்க" என்று கேட்டுப் பார்த்தார்கள். சாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. புதியவர்களுக்குச் சட்டத்தின் மேல் ஒரு நம்பிக்கை இருக்கும்.

எலிசம்மா அந்த வாரம் மகளோடு பேசவில்லை. என்னிடம்தான் அழுதார். "நான் செத்தா என் மகன் தொப்பி செங்கோலோட வந்து பூசை வெச்சு அடக்கம் பண்ணணும். அதுக்குத்தான் உசுர வெச்சிருக்கேன். இவ இப்படிப் பண்ணா அவரு இந்த வாசப்படி மிதிப்பாரா?" என் பாடத்திட்டத்தில் பேராயர்கள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பேண்டு வாத்தியம், தோரணம், பூ தூவச் சிறுமிகள் எல்லாம் வந்தாயிற்று. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். கோவிந்தப்பா அதற்கும் பின்னால், தூணோரமாக நின்றார். டிக்கெட் இல்லாமல் ஏறியவரைப் போல இருந்தார். பேராயர் ஹிலாரி உயரமானவர், சாந்தமான முகம். பூசையை நிறுத்தி நிதானமாக வைத்தார். பிரசங்கத்தில் தங்கையைக் கொண்டுவந்தார். முன்வரிசையில் வெள்ளைச் சேலையில் தங்கை தலையைக் குனிந்துகொண்டார். பாதிக் கோயில் தோத்திரம் என்றது. மீதிப் பாதி இருமியது.

அவர் ஊருக்கு வந்ததே முந்தின இரவு. யாரும் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நோரா சொல்ல முயன்றபோது எலிசம்மா, 'ஆண்டவர் தூங்கட்டும்' என்று கதவைச் சாத்திவிட்டார். பேரவைக்கு அந்தப் பொறுப்பைச் சாமியார் எடுத்துக்கொள்வார் என்ற நினைப்பு. சாமியாருக்கோ, குடும்பமே சொல்லியிருக்கும் என்ற நினைப்பு.

பூசை முடிவில் பங்குச் சாமியார் மைக்கைப் பிடித்தார். "திருமண அறிவிப்பு. முளபாகல் வெங்கடப்பா மகன் கோவிந்தப்பாவுக்கும், காக்ஸ் டவுன் சவரிராயன் எலிசம்மா மகள் நோராவுக்கும். இரண்டாம் ஓலை. தடை ஏதும் தெரிந்தவர்கள்..."

பேராயர் தன் நாற்காலியில் நிமிர்ந்தார். கேட்டது சரிதானா என்பது போலப் பக்கத்தில் நின்ற, தன்னோடு வந்திருந்த செயலாளரான சாமியாரைப் பார்த்தார். மொத்தக் கோயிலும் பேராயரையே பார்த்தது. அவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். 'பார், ஆண்டவருக்கு மனசு உடைஞ்சிடுச்சு' என்றார் எனக்கு முன்னால் ஒருவர். அவர் மனைவி, 'கோவம்' என்றார். மே மாத வெயில்கூடக் காரணமாக இருக்கலாம்.

சின்னப்பராஜ் எழுந்துவிட்டார். "தடை இருக்கு சாமி!"

"என்ன தடை?"

"அத மேதகு ஆண்டவரே சொல்லுவாரு."

இப்படி ஒரு நிலையில் நான் ஒரு பேராயராக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பலமுறை யோசித்துவிட்டேன். அவர் எழுந்தார். ஊரும் உலகமும் அழுது கேட்ட தன்னுடைய நல்ல பிரசங்கம் கண்ணெதிரே ஓலையாகி வாசிக்கப்படுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

"நான் ரோமில் மூன்று வருடம் சட்டம் படித்தவன்" என்றார் கடைசியில். "திருமணத் தடைகளைப் பற்றித்தான் என் ஆராய்ச்சியே. ஒருத்தியின் அண்ணன் பேராயர் என்பது அதில் தடையாக இல்லை." பிறகு மைக்கை மறந்துவிட்டார் போல. வீட்டுத் தமிழ் வந்தது. "ஆனா நோரா, நீ என்கிட்ட இதச் சொல்லவே இல்லையேம்மா."

"நீங்க கேக்கவே இல்லண்ணா" என்றார் நோரா முன்வரிசையிலிருந்து.

மைக் அதையும் பிடித்துக்கொண்டது. கோயிலில் ஒரு சிரிப்பு எழுந்தது. பின்னால் தூணோரம்தான் அது ஆரம்பித்தது என்பது எனக்கு மட்டும் தெரியும். சின்னப்பராஜ் இன்னும் நின்றுகொண்டிருந்தார். உட்காருவதா, வெளியே போவதா என்று தெரியாமல், மாலைகள் வந்துவிட்டனவா என்று பார்க்கப் போவதுபோல நடந்துவிட்டார்.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். பேராயர் தங்கையை எதிரே உட்காரவைத்தார். மனிதர் நல்லவர். நல்லவர்களுக்கு வருகிற அந்த யோசனை அவருக்கும் வந்தது.

"சரி, உன் கல்யாணத்த நானே வந்து மந்திரிச்சு நடத்தி வெக்கறேன். நானும் இன்னும் ரெண்டு ஆயருங்களும். ஊரே அசரணும். ஃபாதர், நமக்கு எப்பத் தேதி இருக்கு?"

செயலாளர் சாமியார் டைரியைப் புரட்டினார், புரட்டிக்கொண்டே போனார். "அடுத்த வருஷம் நவம்பர்ல ஒரு அரைநாள் இருக்கு ஆண்டவரே. ரோமுக்கு வரச் சொல்லாம இருந்தா."

"நவம்பர் நல்ல மாசம்" என்றார் பேராயர்.

எலிசம்மாவின் முகம் மலர்ந்தது. ஒன்றரை வருடம்! அதற்குள் கர்தினால்கூட ஆகிவிடலாம். நோராக்கா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"வேணாம்ணா. உங்க டைரில என்னைப் போடாதீங்க. மூணாவது ஓலை வாசிச்ச வாரத்துலயே ஒரு நாள் காலைப் பூசைல முடிச்சுக்கறோம். அவருக்கு அன்னிக்கு செகண்ட் ஷிஃப்ட்."

பேராயர் மீனிலிருந்து முள்ளைப் பிரித்துக்கொண்டே ரொம்ப நேரம் இருந்தார். "அப்ப நான் பிரசங்கத்துல சொல்ற அந்தக் கதை?" என்றார். குழந்தை கேட்பது போல இருந்தது.

"அத விட்டுடுங்கண்ணா. நெஜமா நடந்ததா ஒண்ணு பாத்துக்கங்க."

அவர் தலையாட்டினார். கிளம்பும்போது கோவிந்தப்பாவை வாசலில் பார்த்தார். எல்லோரும் செய்வதைப் போலக் கோவிந்தப்பாவும் மோதிரத்தை முத்தி செய்யக் குனிந்தார். குனிந்தவர் பழக்கதோஷத்தில் அந்தக் கையைத் திருப்பி, உள்ளங்கையில் டிக்கெட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டார். பேராயர் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

மூன்றாம் ஓலைக்கு யாரும் தடை சொல்லவில்லை. பூசை எந்த மொழியில் என்பதற்கு மட்டும் சண்டை வந்தது. தமிழில்தான் என்றது ஒரு கூட்டம். மாப்பிள்ளை கன்னடக்காரர், கன்னடத்தில்தான் என்றது இன்னொரு கூட்டம். மாப்பிள்ளைக்கு வீட்டில் தெலுங்கு என்பதை இரண்டு கூட்டத்திடமும் யாரும் சொல்லவில்லை. சாமியார் சமாதானமாக, மணமக்கள் இருவருக்கும் வீட்டில் பேச்சு வழக்கில்லாத ஆங்கிலத்தில் வைத்தார். பெங்களூரில் அப்படித்தான் சமாதானம் வரும்.

ஒரு புதன்கிழமை, காலை ஆறு மணிப் பூசை. தினமும் வருகிற சில கிழவிகள், கோவிந்தப்பாவோடு வேலை பார்க்கும் காக்கிச் சட்டைக்காரர்கள், நான், அப்பா. வரமாட்டேன் என்று சொல்லியிருந்த எலிசம்மா பூசை ஆரம்பித்த பிறகு வந்தார். முன்வரிசைக்குப் போகாமல் என் பெஞ்சிலேயே உட்கார்ந்தார். அவருக்கு அந்தப் பக்கம் முளபாகலிலிருந்து வந்த கோவிந்தப்பாவின் அம்மா. கோயில் என்றால் செருப்பை விட்டுவிட்டு வரவேண்டும் என்று மட்டும் தெரிந்தவர். சம்பந்தியைப் பார்த்ததும் அவருக்குப் பேச ஆள் கிடைத்தது. எலிசம்மாவுக்கு சிவாஜிநகர் மார்க்கெட்டில் கற்ற தெலுங்கு கொஞ்சம் உண்டு.

"உங்களுக்கு ஒரு பையன் இருக்கானாமே? தங்கச்சி கல்யாணத்துக்கு வரலையா?"

"வேலை. வடக்க இருக்காரு."

"என்ன வேலை?"

இத்தனை வருடத்தில் இந்தக் கேள்விக்கு எலிசம்மா பதில் சொல்லவேண்டி வந்ததில்லை. "கோயில்ல" என்றார்.

"பூசாரியா?"

"பூசாரிக்கெல்லாம் மேல. பெரிய..." வேறு வார்த்தை கிடைக்கவில்லை. "பெரிய பூசாரி."

"நல்ல உத்தியோகம். பென்ஷன் உண்டா?"

எலிசம்மா யோசித்தார். பாவம், நிஜமாகவே யோசித்தார். "தெரியல. இல்லன்னுதான் நினைக்கறேன்."

"பெண்டாட்டி பிள்ளை?"

"இல்ல."

"ஐயோ" என்று அந்த அம்மாள் எலிசம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "வயசான காலத்துல பையன யாரு பாத்துக்குவாங்க? நீங்க கவலைப்படாதீங்க. எங்க கோவிந்துக்கு ரிட்டயர் ஆனா பென்ஷன் வரும். மச்சானையும் சேத்து அவன் பாத்துக்குவான்."

எலிசம்மா கோபப்பட்டு எழுந்துவிடப் போகிறார் என்று நான் பயந்தேன். அவர் எழவில்லை. பீடத்துக்கு முன்னால், சாமியார் சொல்லிக்கொடுக்கும் ஆங்கிலத்தைக் கவனமாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்த மருமகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"எவ்வளவு வரும்?" என்று கேட்டார்.